காவிரிக் கரையில் ஒரு தவக்காலம்: துறவியர் மறைச்சிந்தனையும் தமிழும்

சமயம் வளர்த்த தமிழ் என்றும் தமிழ் வளர்த்த சமயம் என்றும் நாம் மேடைதோறும் பேசி வருகிறோம். சமணமும் பௌத்தமும் சைவமும் வைணவமும் இசுலாமும் கிறித்தவமும் தமிழுக்கு ஈந்த கொடைகளை வரிசைப்படுத்திக் காட்டுவது சங்க மலர்களின் நெடுநாள் வழக்கம். அவ்வரிசையில் கிறித்தவத்தின் பங்கைக் கூற வருவோர் அகராதி, உரைநடை, அச்சு என்னும் மூன்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். இவை பெருங்கொடைகளே, ஐயமில்லை. ஆயினும் ஒரு சமயத்தின் உயிர்நிலையை அறிய வேண்டுமாயின், அச்சமயத்தார் தம் மறைநூலை எக்காலத்தில், எந்த மனநிலையில், எம்மொழியில் ஓதி உள்வாங்குகின்றனர் என்பதை நோக்குதல் வேண்டும்.

கிறித்தவர்க்கு அக்காலம் தவக்காலம். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசித் தொடங்கி, ஞாயிறு நீங்கலாக நாற்பது நாள் நோன்பிருந்து, குருத்தோலை ஞாயிறும் பெரிய வெள்ளியும் கடந்து உயிர்ப்புப் பெருவிழாவை அடைகின்றனர். திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தச் சபையார் இதனை 'லெந்து நாட்கள்' என்பர். தாராவித் தெருக்களில் வாழும் தமிழ்க் கிறித்தவர்க்கும், மாட்டுங்காத் தொன் போஸ்கோ ஆலயத்திற்கும் மாகிம் மிக்கேல் ஆலயத்திற்கும் சென்று வருவோர்க்கும் இந்நாட்கள் பழகியவை. இந்நாட்களில் துறவியர் மறைநூலை எவ்வாறு சிந்தித்தனர், அச்சிந்தனை தமிழுக்கு என்ன தந்தது, என்ன தராது போயிற்று என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நோன்பும் நூலும்

மேலைநாட்டுத் துறவு மடங்களுக்கு ஒழுங்கு வகுத்தவர் ஆறாம் நூற்றாண்டினரான புனித பெனதிக்து. அவர் எழுதிய ஒழுங்குநூலின் நாற்பத்தெட்டாம் அதிகாரத்தில் நம் கருத்தைக் கவரும் ஒரு விதி உண்டு. தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் மடத்து நூல்களுள் ஒன்று வழங்கப்பெற வேண்டும். அதனை அவர் முதலிலிருந்து இறுதிவரை வரிசை பிறழாது படித்தல் வேண்டும். படிக்கும் நேரத்தில் எவரும் சோம்பியிராதபடி முதியோர் ஓரிருவர் மடத்தைச் சுற்றிவந்து பார்த்தலும் வேண்டும். உணவைக் குறைக்கும் காலத்தில் நூலை மிகுத்தவர் பெனதிக்து. அடுத்த அதிகாரத்தில், துறவியின் வாழ்வு முழுதுமே தவக்காலம் போன்றிருத்தல் வேண்டும் என்றும், உயிர்ப்பு விழாவை மகிழ்ச்சியோடு எதிர்நோக்கியிருத்தல் வேண்டும் என்றும் உரைக்கிறார்.

இங்ஙனம் படிப்பது பொருளறிந்து தேர்வெழுதும் படிப்பன்று. ஒரு சொல்லை வாயில் இட்டு, ஆ அசைபோடுவது போலப் பலகால் மென்று, வேண்டுதலாக்கி, பின் அமைதியில் ஆழ்வது. நம் நாட்டில் திருமுறை ஓதுவாரும் பிரபந்தம் சேவிப்போரும் பயின்று வந்த நெறியும் இதற்கு அயலானதன்று. நோன்பு, நூல், அசைபோடல் என்னும் இம்மூன்றும் கூடியதே துறவியரின் தவக்காலச் சிந்தனை. தமிழில் 'துறவி' என்னும் சொல் மடத்தில் அமர்ந்தோரையும் மறைப்பணிக்கு அலைந்தோரையும் ஒருங்கே குறிக்கும். எனவே இருவகையினரையும் நாம் இங்கே சேர்த்தே நோக்குகிறோம்.

கோவாவிலிருந்து வந்த தமிழ்

முதற்கண் கூறத்தக்கவர் யாக்கோமே கொன்சால்வெஸ். 1676-ல் கோவாவின் திவார் தீவில் பிறந்தவர். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டவர். மும்பையில் நமக்கு அண்டை வீட்டாராக வாழும் கோவாக்காரர்தம் முன்னோருள் ஒருவர் எனலாம். கோவாவில் கூட்டாக வாழ்ந்த ஒரத்தோரியக் குருக்கள் குழுவைச் சார்ந்து, 1705-ல் இலங்கை சென்று, 1742-ல் அந்நாட்டுப் பொலவத்தையில் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். ஒல்லாந்தர் ஆட்சி கத்தோலிக்கரை ஒடுக்கிய காலம் அது. குருமார் வெளிப்பட நடமாட இயலாது. அந்நிலையில் சிங்களத்தையும் தமிழையும் கற்று இரண்டிலும் நூல்கள் இயற்றினார். தமிழில் அவர் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' கிறிஸ்துவின் பாடுகளைத் தவக்காலத்தில் ஓதிச் சிந்திப்பதற்கென்றே அமைந்தது.

இந்நூலின் உரைநடையில் வடசொற்கள் மிகுதி. தனித்தமிழ்ச் சுவையில் பழகிய நம் காதுக்கு அதன் தலைப்பே அயன்மையாகத் தோன்றலாம். ஆனால் அந்நடை ஏட்டில் கண்ணால் படிப்பதற்கு எழுந்ததன்று. கூட்டத்தில் ஒருவர் இராகமெடுத்து ஓத, ஏனையோர் கேட்டு உருகுவதற்கு எழுந்தது. இறந்தவர் முன்னிலையில் பெண்டிர் பாடும் ஒப்பாரியின் ஓசையை அது தன்னுள் வாங்கிக் கொண்டது. குருக்கள் வர இயலாத ஊரிலும் எழுத்தறிந்த ஒருவர் இருந்தால் போதும், தவக்காலம் நடந்தேறும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இவ்வோதல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

நாம் இங்கு ஒரு மதிப்பீடு செய்தல் வேண்டும். 'வியாகுலப் பிரசங்கத்தின்' வலிமை அதன் அழுகை. அதன் குறையும் அதுவே. சிலுவையடியில் தாயின் கண்ணீரோடு நின்றுவிடும் செவிக்கு, மூன்றாம் நாள் வைகறை எட்டாமற் போவதுண்டு. தவக்காலம் துயரத்தின் காலம் மட்டுமன்று, உயிர்ப்பை எதிர்நோக்கும் மகிழ்ச்சியின் காலம் என்ற பெனதிக்துவின் கருத்து இவ்வுரைநடையில் பின்தங்கி நிற்கிறது. எனினும் ஒன்றை மறுத்தற்கில்லை: கொங்கணிக் கரையில் பிறந்த ஒருவர், தாம் சிந்தித்ததைத் தம் மக்கள் அழும் மொழியில் எழுதினார்.

வளன் கண்ட உயிர்ப்பு

இரண்டாமவர் வீரமாமுனிவர். 1680-ல் இத்தாலியில் பிறந்த இவ்வியேசு சபைத் துறவி 1726-ல் முடித்த 'தேம்பாவணி' மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவன் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசை. முனிவர் அவருக்கு 'வளன்' எனப் பெயர் சூட்டினார். இயேசு பாடுபடும் முன்னரே வளன் இறந்துபடுகிறான். அங்ஙனமாயின் காப்பியத்தில் உயிர்ப்புக்கு இடமேது என்னும் ஐயம் எழும். முனிவர் இதற்கு ஒரு வழி கண்டார். இறந்தோர் உலகில் முன்னோரோடு காத்திருக்கும் வளனை நாடிக் கிறிஸ்து இறங்கி வருகிறார். அப்பகுதிக்கு 'உத்தானப் படலம்' என்பது பெயர். அதன்பின் வளன் விண்ணகம் எய்தி முடிசூட்டப் பெறுவதோடு காப்பியம் நிறைவுறுகிறது.

உயிர்ப்பைக் கல்லறைக்கு வெளியே நின்று கண்டோர் பலர். இறந்தோர் காத்திருக்கும் இருளிலிருந்து அதைக் காணச் செய்தது முனிவரின் அருஞ்செயல். கம்பன் தன் காப்பியத்தைத் திருமுடி சூட்டலோடு முடித்த மரபை ஏற்று, அதே முடியைத் தச்சுத் தொழிலாளி ஒருவன் தலையில் வைத்ததும் எண்ணத்தக்கது. ஆயினும் இது புலவர்க்கு இட்ட விருந்து. உரையின் துணையின்றி ஊர்க் கிறித்தவர் இவ்விருந்தில் அமர்தல் அரிது. கொன்சால்வெஸ் மக்களின் செவியைப் பெற்றார். முனிவர் புலவரின் செவியைப் பெற்றார். இருவரும் பெற்றது தமிழ்ச் செவி.

சாந்திவனம்

இப்போது நாம் இருபதாம் நூற்றாண்டிற்கு வருவோம். அந்நாளைத் திருச்சி மாவட்டமும் இந்நாளைக் கரூர் மாவட்டமுமான குளித்தலைக்கு அருகில், காவிரியின் தென்கரையில் தண்ணீர்ப்பள்ளி என்றோர் ஊர். 1950 மார்ச் 21 அன்று அங்கு ஒரு மாந்தோப்பில் 'சச்சிதானந்த ஆசிரமம்' தொடங்கப்பெற்றது. சாந்திவனம் என்னும் பெயராலேயே அது உலகறிந்தது. அந்நாள் அக்கால வழக்கில் புனித பெனதிக்துவின் திருநாள். அவ்வாண்டு உயிர்ப்பு விழா ஏப்ரல் 9-ல் வந்தமையால், ஆசிரமம் பிறந்தது தவக்காலத்தின் நடுவிலேயாகும்.

நிறுவியோர் இருவர். லியோன் நகரத்து மறைமாவட்டக் குருவாகிய மொன்சானென், 1939-ல் தமிழகம் வந்து சிற்றூர்ப் பங்குகளில் பணிபுரிந்தவர். பரம அரூபி ஆனந்தம் எனப் பெயர் பூண்டார். மற்றவர் பிரித்தானிக் கரையின் கெர்கொனான் மடத்துப் பெனதிக்துத் துறவி ஆன்றி லெ சோ. அம்மடத்தில் நூலகப் பொறுப்பு வகித்தவர். 1948-ல் வந்து அபிஷிக்தானந்தர் ஆனார். இருவரும் 1949-ல் திருவண்ணாமலை சென்று இரமண மகரிஷியைக் கண்டனர். அக்காட்சி அபிஷிக்தானந்தரின் வாழ்வையே திருப்பியது. பின்னாளில் அருணாசலக் குகைகளில் தனித்திருந்தார். திருக்கோவலூர் ஞானானந்தரை அடைந்தார். 1957-ல் மொன்சானென் மறைந்தார். 1968-ல் அபிஷிக்தானந்தர் வடக்கே இமயச் சாரலுக்குச் செல்ல, ஆங்கிலேயரான பீட் கிரிபித்சு, கேரளத்துக் குரிசுமலையிலிருந்து வந்து சாந்திவனப் பொறுப்பை ஏற்று 1993-ல் மறையும்வரை அங்கிருந்தார்.

இவர்தம் மறைச்சிந்தனையின் ஆழம் பெரிது. அபிஷிக்தானந்தர் யோவான் நற்செய்தியில் இயேசு 'நானே' என்று தம்மைக் குறிக்கும் இடங்களை, இரமணர் எழுப்பிய 'நான் யார்' என்னும் வினாவின் அருகில் வைத்து ஓதினார். 1973 சூலையில் இருசிகேசத்தில் நெஞ்சுவலியால் வீழ்ந்து, அவ்வாண்டு திசம்பரில் மறையும்வரை வாழ்ந்த மாதங்களில், உயிர்ப்பு என்பதை 'விழிப்பு' என்றே கண்டார். சாவுக்குப் பின் நிகழ்வதொன்றாக அவர் அதனைக் கருதவில்லை. சாவும் வாழ்வும் தீண்டாத ஒன்றிற்குக் கண் திறப்பதாகக் கருதினார். மொன்சானென் இதற்கு உடன்பட்டிருப்பாரா என்பது ஐயமே. அத்துவிதத்திற்கும் மூவொரு கடவுள் கொள்கைக்கும் இடையே உள்ள பள்ளத்தை அவர் தம் இறுதிக் காலத்தில் மேன்மேலும் உணர்ந்தவர். கிரிபித்சு இருவருக்கும் நடுவே ஒரு பாலம் கட்ட முயன்றார். ஆசிரம வழிபாட்டில் விவிலியத்தோடும் திருப்பாடல்களோடும் உபநிடதமும் கீதையும் தமிழ்ப் பேரிலக்கியமும் ஓதப்பெற்றன. வடமொழிப் பாடல்களும் தமிழ்ப் பாடல்களும் பாடப்பெற்றன.

தமிழ் செய்திருக்கக் கூடியது

இங்கேதான் நம் வினா எழுகிறது. சாந்திவனத்தைச் சூழ்ந்த மண் யாது? குளித்தலைக் கடம்பந்துறை அப்பர் பாடிய தலம். அருகே வாட்போக்கியும் அவர் பாடியதே. ஆற்றின் அக்கரை ஈங்கோய்மலை சம்பந்தர் பாடியது. இம்மூன்றையும் காலை, நண்பகல், மாலை என ஒரே நாளில் வழிபடுதல் அவ்வூரார் வழக்கு. இத்தகைய மண்ணில் அமர்ந்து, தமிழ் கற்று, தமிழர் நடுவே வாழ்ந்த இத்துறவியர் தம் முதன்மையான நூல்களை எழுதியது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். தமிழ் அவர்கள் வழிபாட்டில் பாடலாக ஒலித்தது, சிந்தனையின் கருவியாகவில்லை.

இதனால் இழந்தது யாது எனக் கேட்கலாம். சில சொற்களைக் கொண்டே காட்டுவோம்.

'உயிர்ப்பு' என்னும் சொல்லைப் பாருங்கள். பண்டைத் தமிழில் அதற்கு மூச்சு என்பது பொருள், பெருமூச்சையும் குறிக்கும். கிறித்தவர் அதனை இறந்தோர் எழுதலுக்கு ஆண்டனர். யோவான் நற்செய்தியில் உயிர்த்த இயேசு சீடர்மீது ஊதி ஆவியை அளிக்கிறார். மூச்சும் உயிர்த்தெழுதலும் ஒன்றாகும் அவ்விடத்தை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழில் ஒரு சொல் போதும். மூச்சை நோக்கி அமரும் தவத்தை நம் நாட்டில் கற்ற துறவியர்க்கு இச்சொல் எத்துணைப் பெரிய வாயிலாக இருந்திருக்கும்!

'பாடு' என்பது இரண்டாவது. துன்பம் அதன் பொருள், உழைப்பும் பொருள், பழந்தமிழில் பெருமையும் பொருள். சிலுவையில் உயர்த்தப்படுதலையே மகிமை பெறுதலாகக் காண்பது யோவானின் நோக்கு. துன்பத்தையும் பெருமையையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி, அந்நோக்கிற்கு இயல்பாகவே இடந்தருகிறது.

'தவம்' மூன்றாவது. தனக்கு வந்த நோயைப் பொறுத்தலும் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையுமே தவத்தின் வடிவம் என வள்ளுவர் இலக்கணம் வகுத்தார். நாற்பது நாள் நோன்பைத் 'தவக்காலம்' என அழைத்த கணமே இவ்விரண்டாம் பாதியும் கிறித்தவர்மேல் கடனாக வந்து சேர்கிறது. புலால் மறுத்தவன் பிறரைப் பழிப்பானாயின் அவன் நோன்பு பாதி நோன்பே.

இனித் 'திருநீற்றுப் புதன்'. சைவர் நாள்தோறும் பூசுவதைக் கிறித்தவர் ஆண்டிற்கொருமுறை பூசுகின்றனர்; சொல்லோ ஒன்று. இச்சொற்களின் வழியே சைவமும் குறளும் விவிலியமும் தாமே உரையாடத் தொடங்கும். அவ்வுரையாடலைத் தேடியே கடல் கடந்து வந்தவர்கள் அதனை வடமொழியில் தேடினர். காலடியில் கிடந்த தமிழைக் கருவியாக எடுத்திலர்.

சமரியப் பெண்ணின் குடம்

நடுநிலை வழுவாது இரண்டு சொல்லுதல் வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடி மக்கள் மொழிக்கு வழிவிடும்வரை, கத்தோலிக்க வழிபாட்டின் மொழி இலத்தீனாகவே இருந்தது. சாந்திவனத்தார் அதற்கும் முன்னரே இந்திய மொழிகளை வழிபாட்டில் சேர்த்தது துணிவான செயல். மேலும் அவர்கள் எழுதியது, உள்முக வாழ்வை மறந்துவிட்டதாக அவர்கள் கருதிய மேலைநாட்டிற்கு. ஒருவர் தம் இனத்தாருக்கு மடல் எழுதுவதை நாம் குற்றமென்பதற்கில்லை.

எனினும் 1980-களில் அரவிந்த் நிர்மல் முதலிய தலித் இறையியலார் எழுப்பிய கண்டனம் இதனினும் கூரியது. இந்தியக் கிறித்தவச் சிந்தனை பிராமண மரபோடு மட்டுமே பேசியது. திருச்சபையில் பெரும்பகுதியினரான ஒடுக்கப்பட்டோரின் குரலைக் கேட்கவில்லை என்பது அவர்கள் கூற்று. மறுபுறம் சீதாராம் கோயல் 1988-ல் கத்தோலிக்க ஆசிரமங்களைக் கண்டித்து நூலெழுதி, காவி உடையும் ஓங்காரமும் மதமாற்றத்திற்கு இட்ட போர்வை என்றார். பின்னதைச் சாந்திவனத்தாருக்குப் பொருத்துவது அவர்கள் வாழ்வைப் பார்க்கத் தவறுவதாகும்; அவர்கள் ஆள் சேர்க்க வந்தவரல்லர். முன்னதற்கோ நாம் எளிதில் விடைகூற இயலாது.

தவக்காலத்து மூன்றாம் ஞாயிறன்று ஓதப்பெறும் ஒரு பகுதியால் இதனை விளக்கலாம். சமரியப் பெண் கிணற்றடியில் நிற்கிறாள். இயேசு அவளிடம் தண்ணீர் கேட்கிறார். ஆசிரம நெறியில் இப்பகுதி உள்ளத்தே ஊறும் ஊற்றைப் பற்றியது, அழகிய பொருளே. ஆனால் யூதர் சமரியரோடு கலங்களில் புழங்குவதில்லை என்பதும் அதே பகுதியில் உள்ளது. இதனைத் தமிழில் படிக்கும் சேரிப்பெண்ணுக்கு விளக்கவுரை வேண்டுமா? ஊர்க்கிணறு, தனிக்குவளை, எட்ட நின்று ஏந்திய கை இவையெல்லாம் அவள் முன் எழுகின்றன. தன் கலத்திலிருந்து நீர் கேட்கும் கடவுளை அவள் காண்கிறாள். தமிழில் சிந்தித்திருந்தால் இப்பொருளைத் துறவியர் தவறவிட்டிருக்க இயலாது; ஏனெனில் மொழி என்பது அதைப் பேசும் எல்லாரையும் உடன் அழைத்துக்கொண்டு வரும். உள்ளூற்றும் ஊர்க்கிணறும் ஒருசேரக் கூடும் உரையே முழுமையான உரை. அத்தகைய உரைநூல் ஒன்று காவிரிக் கரையில் தோன்றாது போயிற்று என்பதே நாம் இக்கட்டுரையில் முன்வைக்கும் குறை.

நமக்கும் உள்ள கடன்

மாட்டுங்காவில் வெளிவரும் மலருக்கு இக்குறையைப் பேச என்ன உரிமை என்று ஒருவர் வினவலாம். உரிமை மட்டுமன்று, கடனும் உண்டு. சாந்திவனத்தார் தமிழ் மண்ணில் வாழ்ந்து வேற்றுமொழியில் எழுதினர். நாமோ வேற்று மண்ணில் வாழ்ந்து, தமிழில் வழிபட்டு, ஆங்கிலத்தில் சிந்திக்கும் தலைமுறையை வளர்த்து வருகிறோம். கந்த சஷ்டியைச் செவிவழியாக மட்டும் அறிந்த பிள்ளைகளும், தமிழ்த் திருப்பலியில் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடும் பிள்ளைகளும் நம்மிடையே உளர். பாடலாக மட்டும் எஞ்சும் மொழி சிந்தனையின் கருவியாக நெடுநாள் இராது என்பதற்குச் சாந்திவனத்து வரலாறே சான்று.

கொங்கணி பேசிய கொன்சால்வெஸ் தமிழில் எழுதினார். இத்தாலி பேசிய முனிவர் தமிழில் பாடினார். பிறப்பால் வாராத மொழியை அன்பால் பெற்றவர்கள் அவர்கள். பிறப்பால் வந்ததை நாம் நழுவவிடலாகாது. பெனதிக்துவின் விதி இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஆண்டில் நாற்பது நாளேனும், எச்சமயத்தவராயினும், தமிழ்நூல் ஒன்றைக் கையிலெடுத்து முதலிலிருந்து இறுதிவரை வரிசை பிறழாது படிப்போம். திருவாசகமாயினும் ஆகுக, திருவாய்மொழியாயினும் ஆகுக, சீறாவாயினும் தேம்பாவணியாயினும் ஆகுக. மடத்தில் சுற்றிவந்து பார்த்த முதியோரின் பணியைச் சங்கம் ஏற்கட்டும். படித்ததை அசைபோட்டுத் தமிழிலேயே நாலு வரி எழுதும் இளைஞர் ஒருவர் அவ்வழியே தோன்றுவாராயின், காவிரிக் கரையில் எழுதப்படாது நின்ற நூலின் முதல் ஏடு மாட்டுங்காவில் எழுதப்பெறுவதும் கூடும்.